ரேகை விழுந்துருச்சு

கண்ணாடி துடைப்பதற்குப் பழைய பனியன் துணியைப் போல வேறொன்று கிடையாது. செய்தித்தாளில் துடைத்தால் மை ஒட்டும். துண்டில் துடைத்தால் நூல் விடும். பல தடவை துவைத்து மெத்தென்று ஆன பனியனை நாலாகக் கிழித்து, இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டுத் துடைத்துப் பாருங்கள். என் மேஜை இழுப்பறையில் அந்தத் துணி எப்போதும் இருக்கும். பக்கத்தில் என் சோப்பு, என் டம்ளர். மில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதிக்கொள்வதாகத்தான் முதலில் ஏற்பாடு. அவர் எழுத்தைப் பார்த்தேன். பக்கத்துக்குப் பத்து அடித்தல். அதனால்தான் ஐயா, நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெயர் கோட்டைச்சாமி. வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் பரளச்சி, குடியிருப்பது பாளையம்பட்டி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் உள்ள நூல் மில்லில் இருபத்தோரு வருடமாக டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது போனார்கள் என்று பார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் ஆட்கள் வாசலில் நின்று பேரைச் சொல்வார்கள், நான் ரிஜிஸ்டரில் டிக் போடுவேன். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. கொரோனா வந்தபோது ஊரே பயந்து கிடந்தது. எனக்கு அது நிம்மதியான காலம் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரும் கை கழுவினார்கள்.

அது முடிந்த மறு வருடம் மிஷின் வந்தது. மதுரையிலிருந்து முகேஷ் என்ற பையன் கொண்டுவந்து மாட்டினான். ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்குக் கறுப்புப் பெட்டி. கீழே விரல் வைக்கச் சின்னக் கண்ணாடி, மேலே மணியும் பேரும் காட்டுகிற திரை. டைம் ஆபீசுக்கு வெளியே உள்ள நடையில், சுவரில் மாட்டினான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுப் பஞ்சு குடோன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

விரலை வைத்தால் மிஷின் இங்கிலீஷில் 'தேங்க்யூ' என்று சொல்லும். பெண்கள் சும்மா இருக்காமல் அதற்கு 'வெல்கம்' என்று பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மேனேஜர் குரலை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன்பிறகு விரல் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் 'கீ' என்று ஒரே சத்தம்தான். பொருந்தியதா இல்லையா என்பதைத் திரையில்தான் பார்க்க வேண்டும். பொருந்தினால் பேர் வரும். இல்லாவிட்டால் 'மீண்டும் விரலை வைக்கவும்' என்று வரும். எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். பேர் வந்தால் ரேகை விழுந்துருச்சு. வராவிட்டால் விழவில்லை.

பஞ்சிலும் நூலிலும் வருடக்கணக்கில் கைவைத்தவர்களுக்கு ரேகை தேய்ந்து போகும். எங்கள் மில்லில் அப்படி ஐந்து பேர். அவர்கள் செய்வதை நீங்கள் ஒருநாள் பார்த்திருக்க வேண்டும். முதலில் விரலைச் சேலையில் துடைப்பார்கள். விழாது. தலையில் தேய்த்து எண்ணெய் தொட்டு வைப்பார்கள். விழாது. மூக்கோரத்தில் தேய்ப்பார்கள். கடைசியாகப் பெருவிரலை வாயில் வைத்து எச்சில் தொட்டு அழுத்துவார்கள். விழுந்துவிடும். அதுதான் கொடுமை. விழாமல் இருந்திருந்தால் அந்தப் பழக்கம் அன்றோடு போயிருக்கும். விழுந்ததால், ரேகை ஒழுங்காக இருக்கிறவர்கள்கூட ஒரு தரம் விழாவிட்டால் உடனே விரலை நக்க ஆரம்பித்தார்கள்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். மறைப்பானேன். தலை எண்ணெய், வியர்வை, வெற்றிலைச் சாறு, புகையிலை, அதன் மேல் ஒட்டிய பஞ்சுத் தூசி எல்லாம் சேர்ந்து அந்தக் கண்ணாடியில் மஞ்சளாக ஒரு படலம் படியும். ஒருவர் எச்சில் மேல் இன்னொருவர் எச்சில். ஒன்பது மணிக்கு நான்தான் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டு இரண்டு தரம் சோப்புப் போடுவேன். அப்படியும் மத்தியானம் சோற்றைப் பிசையும்போது விரலில் அந்த வாடை இருக்கும். ஜாதி பார்க்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லார் எச்சிலையும் நான் ஒன்றாகத்தான் பார்த்தேன்.

மேனேஜரிடம் சொன்னேன். "ஏன்யா, எச்சிக்கெல்லாமா என்கிட்ட வருவ? தொடச்சுவிட்டுப் போ" என்றார்.

போன தை மாதத்தில் ஒருநாள் திரையின் வெளிச்சம் தானாகவே மங்கிப்போயிற்று. வெளி வெயிலிலிருந்து நடைக்குள் வருகிறவர்களுக்குக் கண் இருட்டும். திரையில் ஒன்றுமே தெரியவில்லை. அன்று என்ன நடந்தது தெரியுமா ஐயா. எல்லாரும் ஒரு தரம் விரல் வைத்தார்கள், 'கீ' சத்தம் கேட்டது, போய்விட்டார்கள். 'மீண்டும்' என்பதைப் பார்த்தால்தானே மீண்டும் வைப்பார்கள். தேய்ப்பதும் இல்லை, நக்குவதும் இல்லை. ஒன்பது மணிக்குக் கண்ணாடி கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. நான் அதன் முன்னால் கொஞ்சநேரம் நின்றேன். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் வெளிச்சம் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. முகேஷ் கொடுத்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மெனுவில் உள்ளே போனால் திரை வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருந்தது. ஒன்றிலிருந்து பத்து வரை. பத்தில் இருந்ததை நான் ஒன்றில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு எண்ணை மாற்றினேன்.

"ஏன் அண்ணாச்சி, மங்கலா இருக்கு?" என்று கேட்டவர்களுக்குக் கரண்டு மிச்சம் என்றேன். கொஞ்ச நாளில் அவர்களே பழகிக்கொண்டார்கள். விரலை வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பதற்குப் பதிலாக ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார்கள். "விழுந்துச்சா அண்ணாச்சி?" என்பார்கள். "விழுந்துருச்சு, போ" என்பேன். ஆறு மாதம் தினமும் சொன்னேன்.

அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. ரேகை விழாத ஐந்து பேர் யார் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரில் அவர்கள் வருகையை நானே ஏற்றிவிடுவேன். எவருக்கும் ஒருநாள் சம்பளம் குறைந்ததில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் அந்த ஐந்து பேரும் மிஷினைப் பொறுத்தவரை மில்லுக்குள் இல்லாதவர்கள். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த ஐவரில் ஒருத்தி முருகலட்சுமி. முப்பத்தைந்து வயது இருக்கும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கழிவுப் பஞ்சு குடோனில் தனியாக உட்கார்ந்து தூசி தும்பு பிரிப்பது வேலை. மத்தியானத்துக்கு மேல் கழிவு ஏற்ற வண்டி வருகிற வரை அந்தப் பக்கம் வேறு ஆள் போவதில்லை. குணமான பெண்தான். மகள் சத்யபிரியா பன்னிரண்டாவது பாஸான அன்று எனக்குப் பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நல்ல வார்த்தை சொன்னேன். அவள் போனதும் காக்கைக்குப் போட்டேன். எந்த விரலால் பிடித்து உருட்டியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

வெளிச்சத்தைக் குறைத்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடாதவள் அவள் ஒருத்திதான். திரையைப் பார்க்காமலே நக்குவாள். நாக்கை வெளியே நீட்டி, விரலை இரண்டு பக்கமும் புரட்டி நக்குவாள்.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை எட்டு இருபத்துநாலுக்கு வந்தாள். அன்றைக்குக் கடைசியாக விரல் வைத்தவள் அவள்தான். ஒரு கையில் எவர்சில்வர் தூக்குவாளி. வழக்கம்போல நக்கி வைத்தாள். 'கீ' என்றது. எச்சில் தொட்டால் சில நாள் விழும், அன்றைக்கு விழவில்லை.

"விழுந்துச்சா அண்ணாச்சி?"

"விழுந்துருச்சு, போ."

ஒன்பது மணிக்கு உள்ளே இருப்பவர்கள் பட்டியலை ஒரு தாளில் எடுத்து வைப்பது வழக்கம். எடுத்து வைத்தேன். முப்பத்தேழு பேர். கண்ணாடியை அன்று துடைக்கவில்லை. ஸ்பிரிட் தீர்ந்திருந்தது, டவுனுக்கு ஆள் போயிருந்தான்.

பதினொன்று நாற்பதுக்குக் கொல்லைப்பக்கம் அடுக்கியிருந்த பஞ்சுப் பேல் கட்டுகளில் தீ பிடித்தது. எப்படிப் பிடித்தது என்பது எனக்குத் தெரியாது, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆடிக் காற்று. மழை கண்டு நாலு மாதம் ஆன ஊர். குடோனுக்கு ஒரே வாசல்தான், அது அந்தப் பேல்களைப் பார்த்து இருந்தது. மணி அடித்து எல்லாரையும் முன்வாசல் வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னார்கள். இந்த மாதிரி நேரத்தில் தாளை வைத்து ஆள் எண்ணுவது என் பொறுப்பு. வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். நான் பதற்றப்படாமல் வாசித்தேன். முப்பத்தேழு பேரும் "இருக்கேன்" என்றார்கள்.

அப்புறம் நாலு பேர் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார்கள். மிஷின் பிட்டர் யாக்கோபு அவர்களில் ஒருவர். "எம் பேர வாசிக்கலயே அண்ணாச்சி" என்றார். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். மிஷின் சில நேரம் விட்டுவிடும் என்று சொல்லி, நாலு பேரையும் பேனாவால் அடியில் எழுதிக்கொண்டேன். நாற்பத்தொன்று.

நூல் நூற்கிற ரிங் பிரேமில் வேலை பார்க்கும் பியூலா என்ற பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, முருகலட்சுமி அக்காவக் காணோமே. அவுக இன்னைக்கு வந்தாகளா?"

"வரல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

தாளை அவளிடமே நீட்டினேன். மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தாள். பேர் இல்லை. "அப்பாடா, தப்பிச்சாக" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அருப்புக்கோட்டையிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "உள்ள ஆள் இருக்கா?" என்பதுதான். மேனேஜர் என்னைப் பார்த்தார். "லிஸ்ட்படி யாரும் இல்ல சார்" என்றேன். ஐயா, அந்த வாக்கியத்தை நீங்கள் திரும்பத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு பொய் கிடையாது. ஆள் இல்லை என்றதால் அவர்கள் குடோனை விட்டுவிட்டுத் தீ நூல் கூடத்துக்குத் தாவாமல் தடுக்கப் போனார்கள். கூடம் பிழைத்தது. நாற்பது குடும்பங்களின் பிழைப்பு அதில் இருக்கிறது.

அவர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது நான் டைம் ஆபீசுக்குப் போனேன். ரிஜிஸ்டர்களைக் காப்பாற்றப் போனேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேல் சரிகிற சத்தம் கேட்டது என்றும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அவள் கணவர் மாரிக்கண்ணன் வந்தார். மானாவாரிப் பருத்தி போடுகிறவர், வெயிலில் கறுத்த ஆள். என் மேஜைக்கு முன்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எம்பொண்டாட்டி காலையில வேலைக்கு வந்தாளா அண்ணாச்சி?"

"மிஷின்ல ஏறலயே."

"ஏழரை பஸ்ஸுக்கு நான்தான ஏத்திவிட்டேன். மிஷினு தப்பாச் சொல்லுமா?"

"அது என்ன மனுசனா, பொய் சொல்றதுக்கு."

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. "தகவல் தெரிஞ்சா ஒரு போன் போடுங்க அண்ணாச்சி, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனதும் கை கழுவினேன்.

இரண்டு நாள் அவர் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலும் மதுரையிலும் அவள் போட்டோவை வைத்துக்கொண்டு அலைந்ததாகச் சொன்னார்கள். யாருடனோ போய்விட்டாள் என்று மில்லில் பேச்சுக் கிளம்பியது. அதை நான் கிளப்பவில்லை. என்னிடம் வந்து கேட்டவர்களிடம் அன்று அவள் வரவில்லை என்பதை மட்டும் சொன்னேன். அந்த மகளை ஊரில் ஒரு கிழவி வழிமறித்து, "ஒங்காத்தா எவன்கூடப் போனா?" என்று கேட்டாளாம். கேவலமான ஜனங்கள். ஒரு பெண்ணைப் பற்றி எப்படி அப்படி வாய் வருகிறதோ.

மூன்றாம் நாள் சூடு ஆறிய பிறகு குடோனை வாரினார்கள். சுவரோரத்தில் தூக்குவாளி கிடைத்தது. எவர்சில்வர் கருகியிருந்தது, ஆனால் கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம், பேர் வெட்டியிருந்தது. மு. முருகலட்சுமி. புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து, ஒன்றுகூடத் தேயவில்லை. அவளும் அங்கேதான் இருந்தாள். அதை நான் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த வாடை என் சட்டையில் ஏறிவிட்டது. மூன்று தரம் அலசியும் போகாமல் சட்டையைக் குப்பையில் போட்டேன்.

நீங்கள் முகேஷை வரவழைத்தீர்கள். மெனுவில் எதை மாற்றினாலும் எந்த மணிக்கு, யார் பாஸ்வேர்டில் மாற்றியது என்பதை அந்த மிஷின் தனியாகக் குறித்து வைக்குமாம். புத்தகத்தில் இருந்ததாம். நான் அந்தப் பக்கம் வரை படிக்கவில்லை. பொருந்தாமல் போன விரல்களையும் குறித்து வைக்குமாம். அன்று காலை அப்படி ஐந்து. நாலு பேரைத்தான் நான் பேனாவால் எழுதினேன். ஐந்தாவது விரல் எட்டு இருபத்துநாலு. திரை வெளிச்சம் ஒன்றிலிருந்து பத்துக்கு மாறியது பதினொன்று ஐம்பத்தெட்டு.

ஆமாம், ரிஜிஸ்டருக்காகப் போகவில்லை. நாலு பேர் முன்னால் வந்து நின்றபோதே ஐந்தாவது ஆள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பியூலா கேட்டபோது தெரியும். அதிகாரி கேட்டபோது தெரியும். சொன்னால், எப்படி விட்டுப்போயிற்று என்று கேட்பார்கள். ஏன் வெளிச்சத்தைக் குறைத்தாய் என்பார்கள். எச்சில் என்று நான் சொல்ல வேண்டும், அந்த நாற்பது பேரும் நின்று சிரிப்பார்கள். அதை நினைத்தேன். அதனால் எல்லாரும் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே போய் வெளிச்சத்தைப் பத்தில் வைத்தேன். மெயின் கரண்டை அணைத்திருந்தார்கள், மிஷினுக்குள் பேட்டரி உண்டு.

பத்தில் வைத்ததும் நடை முழுவதும் வெளிச்சமாயிற்று. அந்த வெளிச்சத்தில் கண்ணாடி மேல் அவள் பெருவிரல் தெரிந்தது. காய்ந்து வெள்ளையாகப் படிந்த எச்சில். சுவரில் சத்தம் வந்துகொண்டிருந்தது. பேல் சரிந்தால் ஒரு தரம் 'தொப்' என்று விழுந்து அடங்கிவிடும். இது விட்டு விட்டு வந்தது. எவர்சில்வர் செங்கலில் படுகிற சத்தம். என் முகத்துக்கு நேரே, மிஷினுக்குப் பின்னால். பிறகு, "அண்ணாச்சி" என்று கேட்டது. டைம் ஆபீஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு பேர் கடப்பாரை போட்டிருந்தால் அந்தச் சுவர் ஐந்து நிமிஷ வேலை என்று தீயணைப்பு அதிகாரி சொன்னதாக நேற்று சொன்னீர்கள். இருக்கலாம். நான் இழுப்பறையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தேன். ஸ்பிரிட் இல்லாததால் சுலபத்தில் போகவில்லை, அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. கண்ணாடி சுத்தமானபோது சத்தமும் நின்றிருந்தது. முருகலட்சுமியை நான் கொன்றேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதிவிட்டேன், பாருங்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். நான் அவளைத் தொடக்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டும் என்று ஏட்டையா மைப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார். அதில் எனக்கு முன்னால் யார் யாரோ விரல் வைத்த பள்ளம் தெரிகிறது, ஓரத்தில் ஒரு முடி ஒட்டியிருக்கிறது. வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை ஐயா. முதலில் அதைத் துடைக்க ஒரு துணி கொடுக்கச் சொல்லுங்கள். பனியன் துணியாக இருந்தால் நல்லது.